புதன்கிழமை ஊசி, வியாழக்கிழமைக் காய்ச்சல்

தேசியக் குடும்பநல ஆய்வுக்காக வீட்டுக்கு வருகிறவர் குழந்தையின் தடுப்பூசியைப் பற்றித் தாயிடம்தான் கேட்பார். அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்பார். இருந்தால் அதிலுள்ள தேதிகளை எழுதிக்கொள்வார். இல்லையென்றால், பிறந்ததும் தோளில் ஊசி போட்டார்களா, வாயில் சொட்டு மருந்து எத்தனை தடவை விட்டார்கள், தொடையில் போட்டது எத்தனை, ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று போட்டார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் நினைவிலிருந்து சொல்வது படிவத்தில் ஏறும். பன்னிரண்டு முதல் இருபத்து மூன்று மாதம் வரையிலான குழந்தைகளில் இத்தனை சதவீதம் பேர் முழுத் தடுப்பூசி பெற்றவர்கள் என்று நாளிதழில் நாம் படிக்கும் எண் இப்படித்தான் உண்டாகிறது. சொத்துப் பத்திரத்திலும் ஊர்ப் பஞ்சாயத்திலும் பெண்ணின் சொல்லுக்குக் கிடைக்காத மதிப்பு இந்த ஒரு படிவத்தில் கிடைத்திருக்கிறது. இதற்கு ஒரு விளைவும் உண்டு: தாய் இறந்துபோன குழந்தை இந்தக் கணக்கில் வராது. அதற்காகப் பதில் சொல்லும் தகுதி படிவத்தில் வேறு யாருக்கும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு அந்த எண்கள் வருமாறு. 1992-93இல் 65. 1998-99இல் 89. 2005-06இல் 81. 2015-16இல் 70. 2019-21இல் மீண்டும் 89. தசமங்களை விட்டுவிட்டேன். இந்திய சராசரி 2005-06இல் 44 ஆகவும் 2015-16இல் 62 ஆகவும் இருந்தது. நாடு ஏறிக்கொண்டிருந்தபோது, முன்மாதிரி என்று பேசப்பட்ட மாநிலம் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த இறக்கத்தைப் பற்றி எழுந்த பேச்சில் அடிக்கடி காதில் விழுந்த சொல் “அலட்சியம்”. தாய்மார்களின் அலட்சியம், விழிப்புணர்வின்மை. இந்தச் சொல்லுக்கு இருநூறு ஆண்டு வயது.

1802 ஜூன் 14 அன்று பம்பாயில் ஆன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமியின் கையில் இந்தியாவின் முதல் அம்மைப்பால் குத்தப்பட்டது. பாக்தாத், பாஸ்ரா வழியாக வந்த பால் அது. அவள் கையில் எழும்பிய கொப்புளத்திலிருந்து எடுத்த நீர்தான் அடுத்தடுத்த கைகளுக்கும், அங்கிருந்து மற்ற ஊர்களுக்கும் போனது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலம். மருந்து கெடாமல் இருக்க உயிருள்ள ஓர் உடம்பு வேண்டும். அதிலும் இதுவரை அம்மை காணாத உடம்பு வேண்டும். எனவே குழந்தையின் கைதான் குளிர்பதனப் பெட்டியாக இருந்தது. இன்று குத்திய குழந்தையை எட்டாம் நாள் மறுபடி கொண்டுவரச் சொல்வார்கள். வீங்கிச் சிவந்து வலிக்கும் கொப்புளத்தைக் கீறி, அதில் ஊறும் நீரை அடுத்த குழந்தைக்கு ஏற்றுவார்கள். இப்படிக் கை கொடுக்கக் கிடைத்தவை பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகள். மறுப்பதற்கு அந்த வீடுகளுக்குத் திராணி இல்லை. எட்டாம் நாள் குழந்தையை ஒளித்துவைத்த தாயை அதிகாரிகளின் குறிப்புகள் மூடநம்பிக்கைக்காரி என்று எழுதின. வீங்கிய கையை இரண்டாம் முறை கத்திக்குக் கொடுக்க மறுப்பதற்கு மாரியம்மன் மேல் பக்தி இருந்தாக வேண்டுமா என்ன?

பக்தியும் இருந்தது, மறுக்கவில்லை. நம் மொழியில் நோய்க்கும் தாய்க்கும் அம்மை என்று ஒரே பெயர். கொப்புளம் முத்து. நோய் கண்ட வீட்டில் “அம்மா வந்திருக்கா” என்பார்கள். வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, வெளியாரை விடாமல், மாரியம்மன் தாலாட்டுப் படித்து, கடைசியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். இதைத் தமிழ் வகுப்பில் நாட்டார் வழக்காறு என்று பாடமாக நடத்துகிறோம். எனக்கு இது ஒரு வேலைப்பட்டியலாகவும் தெரிகிறது. நோயாளியைத் தனிமைப்படுத்துவது, புண்ணில் ஈ மொய்க்காமல் விசிறுவது, இரவெல்லாம் பக்கத்தில் உட்காருவது என்று அத்தனையும் அந்த வீட்டுப் பெண்களின் தலையில் விழுந்த வேலை. அந்த அறிவுக்குப் பெரியம்மையைத் தடுக்கும் ஆற்றல் இல்லை என்பதும் உண்மை. அம்மைப்பாலுக்கு அந்த ஆற்றல் இருந்தது. ஆனால் அதைக் கொண்டுவந்தவர்கள் ஆண்கள். வீட்டு வாசலில் நின்று ஆணிடம் பேசி, உள்ளே இருக்கும் பெண்ணின் மடியிலிருந்து குழந்தையை வாங்கியவர்கள். நோயாளிக்கு விழித்திருந்தவளிடம் யாரும் பேசவில்லை.

விதிவிலக்காக ஓர் ஓவியம் உண்டு. 1805ஐ ஒட்டி மைசூர் அரண்மனைப் பெண்கள் மூவரைத் தாமஸ் ஹிக்கி வரைந்தது. அதில் ஒருத்தி சேலையை ஒதுக்கித் தன் மேற்கையைக் காட்டுகிறாள். அம்மைப்பால் குத்திய இடத்தைத்தான் காட்டுகிறாள் என்று வரலாற்றாய்வாளர்கள் வாசிக்கிறார்கள். அந்த வாசிப்பு சரியென்றால், நம் பக்கத்தின் முதல் தடுப்பூசி விளம்பரம் ஓர் அரண்மனைப் பெண்ணின் கை.

1899இல் கிண்டியில் கிங் நிலையம் தொடங்கியது. கன்றுக்குட்டியின் உடம்பில் அம்மைப்பால் தயாராகத் தொடங்கியபின், குழந்தைகளின் கைகள் அந்த வேலையிலிருந்து விடுபட்டன. சுதந்திரத்துக்குப் பின் அதே கிண்டியில் காசநோய்க்கான பி.சி.ஜி. ஆய்வகம் வந்தது. 1950களில் ராஜாஜி பி.சி.ஜி.யைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அரசு பதில் சொன்னது. நாட்டின் பெரிய மனிதர்கள் பங்கெடுத்த அந்த விவாதத்தில் தாய் என்று ஒருத்தி பேசிய இடம் என் கண்ணில் படவில்லை. 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று பின்னர் காட்டியது. கைக்குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து அது காப்பதால் இன்றும் பிறந்தவுடன் போடப்படுகிறது. வகுப்பில் மாணவிகளிடம் இடது தோளிலுள்ள தழும்பு எதனுடையது என்று கேட்டால் பாதிப்பேர் “அம்மை ஊசி” என்கிறார்கள். அம்மை ஊசி அவர்கள் பிறப்பதற்கு முன்பே நின்றுவிட்டது. 1975க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. தழும்பு மாறினாலும் வீட்டில் வழங்கும் பெயர் மாறவில்லை.

பெண் ஊசிக்காரி வந்தது இதற்குப் பிறகுதான். விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது, அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் 1985இல். அதைத் தமிழ்நாட்டில் தெருவுக்குக் கொண்டுபோனவர் கிராம சுகாதார செவிலியர், ஊர் வாயில் நர்ஸம்மா. சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதற்கு ஒருத்தி. பேருந்து போகாத இடத்துக்கு ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டி நடந்தார்கள். கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்கவைத்துப் போட்டார்கள். எந்த வீட்டுப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள், எவள் எப்போது திரும்புவாள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். 1998-99இன் 89 என்ற எண்ணை நான் அவர்களுடைய கால்களின் கணக்காகவே படிக்கிறேன். கூடவே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதே நர்ஸம்மாவின் கையில் 1996 வரை குடும்பக் கட்டுப்பாட்டுக்கான இலக்கும் இருந்தது. குழந்தைக்கு ஊசி போட வருகிறவரே இரண்டாவது குழந்தையோடு “ஆபரேஷனுக்கு” ஆள் சேர்க்கவும் வந்தார். இந்த ஊசி எதற்கு என்ற சந்தேகம் எங்கிருந்து முளைத்தது என்று வியப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. ஊசி போட்டு இறந்த குழந்தையின் தாய்க்கு எந்தச் சதவீதமும் ஆறுதல் சொல்லாது. அவளுடைய அச்சத்தை அறியாமை என்று அழைக்க எவருக்கும் உரிமையில்லை. அரசும் அஞ்சியது. ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட வேண்டும் என்று முடிவெடுத்தது. பாதுகாப்பு என்று பார்த்தால் நியாயமான முடிவுதான். அந்தப் பாதுகாப்புக்கான விலை யாரிடமிருந்து வசூலிக்கப்பட்டது என்பதுதான் என் கேள்வி.

துணை நிலையம் ஐயாயிரம் பேருக்கு ஒன்று என்றால் ஆரம்ப சுகாதார நிலையம் முப்பதாயிரம் பேருக்கு ஒன்று. நர்ஸம்மா நடந்த தூரத்தை இப்போது தாய் நடக்க வேண்டும், கைக்குழந்தையோடு. பிறந்தபோது போட்டதை விட்டுவிட்டாலும் ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பது மாதம் முடிந்ததும் என ஒரு வயதுக்குள் நான்கு பயணம். புதன்கிழமை ஊசி நாள். காலையில் பேருந்தைப் பிடித்து, வரிசையில் உட்கார்ந்து, ஊசி போட்டு, காய்ச்சல் மாத்திரையை வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடும். இரவில் தொடை வீங்கிக் குழந்தை அழும். மறுநாள் காய்ச்சல் இருக்கும் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாற்று நட போக முடியாது. ஆக வியாழக்கிழமைக் கூலியும் போகும். நூறு நாள் வேலை நாடு முழுவதற்கும் விரிந்ததும் இதே 2008 ஏப்ரலில்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு கை கூலியைக் காட்டிக் கூப்பிட, இன்னொரு கை ஊசியை எட்டு மைல் தள்ளி வைத்தது. வீட்டில் அப்பா என்று ஒருவர் இருக்கிறார். புதன்கிழமை அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பது எந்தச் சுற்றறிக்கைக்கும் தோன்றவில்லை.

2015-16இன் 70க்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். நகரத்தில் தனியார் மருத்துவமனைக் கணக்கு வேறு, அட்டை தொலைந்த வீடுகள் வேறு. ஆனால் ஊசியைத் தெருவிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு வந்த இறக்கத்தைத் தாயின் அலட்சியம் என்று எழுதுவது நேர்மையில்லை. ஊருக்குள் ஊசி படிப்படியாகத் திரும்பியது, எண்ணும் திரும்பியது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித் திட்டம் இந்தக் கூலியை ஓரளவு ஒப்புக்கொண்ட திட்டம். 2011இல் 12,000 ரூபாயாகவும் 2018இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. அதில் ஒரு தவணை குழந்தைக்கு ஊசி போட்ட பிறகுதான் கிடைக்கும். பணம் தேவைப்படும் பெண்ணுக்கு இது உதவியும் நிபந்தனையும் சேர்ந்தது. இரண்டு பிரசவத்துக்கு மேல் கிடையாது. மூன்றாவது குழந்தைக்கும் அதே நான்கு பயணம், அதே இரண்டு நாள் கூலி.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாம் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை எல்லாருக்கும் என்று தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பறந்தது. முகாம் மார்ச்சுக்கும் நீண்டது. பள்ளிகளில் படித்த பெற்றோர்களே கையெழுத்திட மறுத்தார்கள். அப்போது யாரும் அலட்சியம் என்று சொல்லவில்லை, “தயக்கம்” என்றார்கள். ரூபெல்லா சிறுவனுக்கு இரண்டு நாள் தடிப்பும் காய்ச்சலுமாகப் போய்விடும். அவனிடமிருந்து கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் இருக்கும் ஒரு பெண்ணுக்குத் தொற்றினால், பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமல் போகலாம், கண்ணில் புரை விழலாம், இதயத்தில் குறை வரலாம். ஆண்பிள்ளைக்கு எதற்கு இந்த ஊசி என்று கேட்ட அப்பாக்களுக்கு அதுதான் பதில். தன் உடம்பின் நன்மைக்காக மட்டுமல்லாமல், யாரோ ஒரு பெண்ணின் கர்ப்பத்துக்காகவும் ஓர் ஆண் கை நீட்ட வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்து வேறு எந்தச் சமூக ஏற்பாடும் இதைக் கேட்டதில்லை.

இப்போது 89. மீதி பதினொன்று யார்? திருவள்ளூர்ச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் குழந்தைகளைப் பார்த்தால் ஒரு பகுதி விடை கிடைக்கும். ஆறாம் வார ஊசியை ஒரு மாநிலத்திலும் பத்தாம் வார ஊசியை இன்னொன்றிலும் போட வேண்டிய குழந்தைகள் அவர்கள். அட்டை ஒடியாவில் இருக்கும். சூளையில் புதன்கிழமைக்கு விடுமுறை கிடையாது; ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணவன் மனைவி இருவரின் கையையும் சேர்த்துத்தான் கூலி. அங்கே இன்னமும் ஐஸ் பெட்டியோடு நர்ஸம்மாதான் போகிறார். மொழி தெரியாத தாயிடம் விரலை மடக்கிக் காட்டி எத்தனையாவது ஊசி என்று கேட்கிறார். அவளும் விரலை மடக்கிக் காட்டுகிறாள்.