தேசிங்கின் குதிரையும் இரும்பு உருளையும்

செஞ்சி என்றதும் நம் நினைவுக்கு வருவது தேசிங்கு ராஜனும் அவன் குதிரையும்தான். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட அந்த இளைஞனைவிடக் கதைப்பாட்டில் குதிரைக்கே மதிப்பு அதிகமோ என்றுகூடச் சில சமயம் தோன்றும். இன்று ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்லும் திருவண்ணாமலைச் சாலையில் வேறு வகைக் குதிரைகள் பாய்கின்றன. அப்படி ஒன்றில் என் மாணவன் ஒருவன் வந்து இறங்கினான். தொழிற்சாலையில் பொருத்திய சைலன்சரைக் கழற்றிவிட்டு, கடையில் வாங்கிய வேறொரு குழாயை மாட்டியிருந்தான். "ஐந்து குதிரைத் திறனாவது கூடியிருக்கும் சார்" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "சத்தத்தைக் கேளுங்கள் சார்!" என்றான்.

குதிரைத் திறனைக் காதால் அளக்க முடியுமா? கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு மீட்டர் தொலைவில் 100 டெசிபல் ஓசை என்பது காதைத் துளைக்கும் இரைச்சல். அங்கே ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே செல்லும் ஒலியாற்றல் வினாடிக்கு ஜூலில் நூறில் ஒரு பங்குதான். வண்டியைச் சுற்றி ஓர் அரைக்கோளத்தைக் கற்பனை செய்தால் அதன் பரப்பு ஏறக்குறைய 6.3 சதுர மீட்டர். ஆக, அவ்வளவு இரைச்சலின் மொத்தத் திறன் 0.06 வாட். ஒரு கைவிளக்குப் பல்பை எரிக்கவும் இது போதாது! ஒரு குதிரைத் திறனோ 746 வாட்.

இந்த அளவை நமக்குத் தந்தவர் ஜேம்ஸ் வாட். குதிரைகளை வைத்து வேலை வாங்கியவர்களிடம் நீராவி எஞ்சினை விற்க வேண்டியிருந்ததால், "இது எத்தனை குதிரைக்குச் சமம்?" என்ற கேள்விக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும். நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை ஒரு குதிரைத் திறன் என்று 1780-களில் வகுத்தார். நீங்களே உங்களை அளந்து பாருங்கள். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி, அதாவது சுமார் 240 மீட்டர் உயரம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு மணி நேரத்தில் உச்சியை அடைந்தால், உடலை உயர்த்தியதில் அவர் காட்டிய திறன் சுமார் 39 வாட். குதிரையில் பத்தொன்பதில் ஒரு பங்கு!

மலையேறுபவரை அளப்பது எளிது. சுழலும் தண்டை அளப்பது எப்படி? 1821-இல் பிரெஞ்சுப் பொறியாளர் புரோனி ஒரு வழி கண்டார். தண்டின் மேல் இரு மரக்கட்டைகளை வைத்து இறுக்கி, அவற்றோடு ஒரு நீண்ட கையைப் பொருத்தினார். தண்டு கட்டைகளையும் சேர்த்துச் சுழற்றப் பார்க்கும். கையின் முனையில் எடையைத் தொங்கவிட்டு அதைத் தடுத்து நிறுத்தினால், எடையும் கையின் நீளமும் திருப்புவிசையைச் சொல்லும். அதைச் சுழற்சி வேகத்தோடு பெருக்கினால் திறன் கிடைத்துவிடும். பெரிய எஞ்சின்களுக்கு முன் மரக்கட்டை கருகிப்போகும் அல்லவா? 1877-இல் வில்லியம் புரூட் என்ற ஆங்கிலேயர் கட்டைக்குப் பதிலாக நீரைப் பயன்படுத்தினார். எஞ்சின் நீரைக் கடையும். நீர் தன் கூட்டைத் திருப்பப் பார்க்கும். அந்தத் திருப்பத்தை அளந்தார். டைனமோமீட்டர் இவ்வாறு வளர்ந்தது.

இனிக் குழாய்க்கு வருவோம். அது புகை போகும் வழி மட்டுமே என்று எண்ணியிருந்தால், நீங்கள் வால்டர் காடன் என்பவரைப் பற்றி அறியவேண்டும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் 1950-களில் பந்தய வண்டிகளை உருவாக்கியவர் இவர். அவருடையவை இருவீச்சு எஞ்சின்கள். இவற்றில் எரிந்த வாயு வெளியேறும்போது, புதிதாக வந்த பெட்ரோல் கலவையிலும் ஒரு பகுதி அதனோடு ஓடிவிடும். இதைத் தடுக்க எரிக் வோல்ப் என்பவர் ஏற்கெனவே வயிறு பருத்த ஒரு குழாயைப் பயன்படுத்தியிருந்தார். காடன் அலைவுகாட்டியின் உதவியுடன் குழாயினுள் எழும் அலைகளை ஆராய்ந்து அதைச் செம்மைப்படுத்தினார்.

வெளியேறும் வாயு ஓர் அழுத்த அலையாகப் பாய்கிறது. குழாய் விரியும் இடத்தில் அதன் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாகத் திரும்பி, சிலிண்டரில் எஞ்சிய புகையை இழுத்துக்கொள்கிறது. குழாய் மீண்டும் குறுகும் இடத்தில் அழுத்த அலையாகவே திரும்பி, தப்பியோடிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. எல்லாம் வெளியேற்றுத் துளை மூடுவதற்குள் நடக்க வேண்டும். நிமிடத்துக்கு 6000 சுற்றில், துளை அரைச்சுற்றுக்குத் திறந்திருந்தால் கிடைக்கும் நேரம் வினாடியில் இருநூறில் ஒரு பங்கு. சூடான புகையில் ஒலியின் வேகத்தை வினாடிக்கு 500 மீட்டர் எனக் கொண்டால், அலை அதற்குள் போய்வரக்கூடிய தூரம் இரண்டரை மீட்டர். ஆகவே குறுகும் பகுதி ஏறக்குறைய ஒரு மீட்டர் தொலைவில் அமைய வேண்டும். நம் ஆய்வகத்து ஒத்ததிர்வுக் குழாயின் அண்ணன் இது. வேகம் மாறினால் பொருத்தமும் போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

1961-இல் காடனின் 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறனை எட்டியது. லிட்டருக்கு 200! அவ்வாண்டு பெர்லினில் சுவர் எழுந்தது. அடுத்த மாதம், உலகப் பட்டத்துக்கு முன்னணியில் இருந்த எம்.இசட். ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தோடு மேற்கு நாட்டுக்குத் தப்பிச் சென்றுவிட்டார். குடும்பத்தையும் ஒரு காரில் மறைத்து வெளியேற்றினார். குழாயின் ரகசியம் அவரோடு சுசூகிக்குச் சென்றது. 1962-இல் சுசூகி வண்டியில் அவர் 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். காடனோ சுவருக்குப் பின்னே தம் பட்டறையிலேயே இருந்தார். அவருக்கு நேர்ந்தது நியாயமா என்பதை உங்கள் தீர்ப்புக்கே விடுகிறேன்.

அந்த வித்தை நம் ஊர்ச் சாலைக்கும் வந்தது. யமஹாவின் 347 சி.சி. ஆர்.டி. வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983 முதல் 1989 வரை 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் தயாரித்தது. ஜப்பானில் 39 குதிரைத் திறன் காட்டிய எஞ்சின், இங்கே பெட்ரோல் சிக்கனத்துக்காக அடக்கப்பட்டு முதலில் 30.5, பின்னர் வந்த வகையில் 27 என இறங்கியது. அடக்கிய கருவிகளில் முக்கியமானது வெளியேற்றுக் குழாய். சென்னைக்கு வடக்கே சோழவரம் பழைய விமானத் தளத்தில் நடந்த பந்தயங்களுக்கு வந்தவர்கள் அந்தக் கட்டை அவிழ்க்க முயன்றதில் வியப்பென்ன?

இன்றைய வண்டிகள் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. குழாயால் கிடைக்கும் ஆதாயம் இவற்றில் குறைவு. மேலும், எந்த வேகத்தில் எவ்வளவு பெட்ரோல் என்பதை ஒரு சிறு கணிப்பொறி தன்னிடமுள்ள அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. குழாயை மாற்றினால் சிலிண்டருக்கு வரும் காற்று மாறும், அட்டவணையோ பழையது. மிதமான ஓட்டத்தில் ஆக்சிஜன் உணர்வி ஓரளவு சரிசெய்யும். முழுவிசையில் பெரும்பாலும் அட்டவணை சொன்னதே சட்டம். பெட்ரோல் போதாமல் போனால் எஞ்சின் சூடேறும். திறன் கூடுவதற்குப் பதில் குறையவும் கூடும்.

இதை அறியத்தான் வண்டியின் பின்சக்கரத்தைக் கனத்த இரும்பு உருளை மேல் நிறுத்தி ஓட்டுகிறார்கள். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் முன்பே தெரியும். அது எவ்வளவு விரைவில் முடுக்கம் பெறுகிறது என்பதிலிருந்து திறன் கணக்காகிறது. சங்கிலி, பற்சக்கரம், டயர் எல்லாம் தம் பங்கை எடுத்துக்கொள்வதால் விளம்பரத்தில் கண்ட எண் இங்கே வராது. பத்தில் ஒரு பங்கோ சற்று அதிகமோ குறையும்.

என் மாணவன் சென்னையில் ஒரு பட்டறைக்குச் சென்று, பழைய சைலன்சரோடு ஒருமுறையும் புதிய குழாயோடு ஒருமுறையும் உருளை மேல் ஓட்டினான். நடுத்தர வேகத்தில், நாம் அன்றாடம் ஓட்டும் இடத்தில், புதிய கோடு பழையதற்குக் கீழே போயிருந்தது. பெட்ரோல் அட்டவணையைத் திருத்தி மூன்றாம் முறை ஓட்டியபோது பள்ளம் நிரம்பியது. உச்ச வேகத்தில் சிறிது ஏற்றமும் கிடைத்தது. அவன் எதிர்பார்த்த ஐந்து குதிரைகள் வரவில்லை.

வீதியில் அந்த ஓசைக்குச் சட்டமும் இடம் தராது. பழைய சைலன்சரையே மீண்டும் மாட்டிக்கொண்டான். வரைபடத்தை மட்டும் என்னிடம் கொடுத்துவிட்டான். ஆய்வகச் சுவரில் அதை ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் இரண்டு கோடுகளும் எந்த வேகத்தில் ஒன்றையொன்று வெட்டுகின்றன, ஏன் அங்கே வெட்டுகின்றன என்று முதலாண்டு மாணவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.