வானைவிட்டு மண்ணுக்கு: திருவனந்தபுரம் வானாய்வகம்

திருவனந்தபுரம் வானாய்வகத்தைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1837இல் நிறுவினார். அதன் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட், ஆலப்புழையில் அரசின் வணிக முகவராக இருந்தவர். வானியலில் தீராத ஆர்வம் கொண்டவர். அவரே ஐரோப்பா சென்று கருவிகளை வாங்கிவந்தார். 1846இல் மன்னர் காலமானார், 1849இல் கால்டிகாட்டும் மறைந்தார்.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் புரூன், ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் ஆய்வகத்தில் புவிக்காந்தத்தை அளந்து பழகியவர். அவர் மனம் விண்மீன்களில் ஒட்டவில்லை. வானியல் பணி பின்னுக்குத் தள்ளப்பட்டது; காந்தமும் வானிலையும் முன்னுக்கு வந்தன. இதை வெறும் இழப்பு என்பது நியாயமாகாது. திருவனந்தபுரம் புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. காந்த ஊசியின் நாள்தோறுமான நுண்ணசைவுகளை அளக்க அதைவிட நல்ல இடம் அரிது. புரூன் அகத்தியமலை உச்சிக்கருகே, சுமார் 6,200 அடி உயரத்தில், 1855இல் இன்னோர் ஆய்வகமும் அமைத்தார். யானைக் காடும் அடைமழையும் சூழ்ந்த மலையில் கருவிகளை ஏற்றி, ஆட்களைத் தங்கவைத்து அளவெடுத்தது வியக்கத்தக்க உழைப்பு. காந்தக் குலைவுகள் உலகெங்கும் ஒருசேர நிகழ்கின்றன என்றும், ஏறத்தாழ 26 நாளுக்கொருமுறை திரும்புகின்றன என்றும் அவர் காட்டினார்.

1865இல் புரூன் ஊரைவிட்டுச் சென்றார். திருவனந்தபுரத்தில் அளவீடுகள் 1869வரை நீண்டன. அகத்தியமலை, திருவனந்தபுரம் காந்த அளவீடுகளை அவர் 1874இல் லண்டனில் நூலாக்கினார். வானாய்வகம் இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் உள்ளது. அதே காந்த நடுக்கோட்டின் அருகாமையே பின்னாளில் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவை ராக்கெட் ஏவுதளமாகத் தேர்ந்தெடுக்கக் காரணமாயிற்று.