அழையா விருந்தாளி: 1984, 2024

கூப்பிடாமலே நம்ம பேச்சில் வந்து நுழையும் சாட்பாட் புதுசு இல்லை. யூஸ்நெட் காலத்திலேயே உண்டு.

1984இல், தனியாக வாழ்பவர்கள் பேசிக்கொள்ளும் நெட்.சிங்கிள்ஸ் குழுவில் மார்க் வி. ஷேனி என்றொருவர் எழுத ஆரம்பித்தார். ஆசாமி மனிதரே அல்ல. பெல் ஆய்வகத்தில் புரூஸ் எல்லிஸ், டான் மிட்செல், ராப் பைக் மூவரும் உலவவிட்ட நிரல். மற்றவர்கள் எழுதியதைப் படித்துவைத்து, முந்தைய இரண்டு சொற்களைப் பார்த்து அடுத்ததைத் தேர்ந்தெடுக்கும். அவ்வளவுதான். பெயரே 'மார்க்கோவ் செயின்' என்பதன் சிலேடை. ஆனாலும் பலர் நிஜ ஆள் என்றே நம்பினார்கள்.

40 வருஷம் கழித்து, 2024 ஏப்ரல். நியூயார்க் பெற்றோரின் ஃபேஸ்புக் குழு ஒன்றில், மிகுந்த திறமையும் கூடவே ஒரு குறைபாடும் உள்ள குழந்தைக்கான பள்ளி பற்றி ஒருவர் கேட்டார். தனக்கும் அப்படி ஒரு குழந்தை இருப்பதாக மெட்டா ஏஐ பதில் போட்டது! அங்கிருந்தவர்கள் திகைத்தார்கள். கிடுக்கிப்பிடி போட்டதும், தனக்கு அனுபவமும் இல்லை, பிள்ளையும் இல்லை என்று மன்னிப்புக் கேட்டது.

ஒரு மணி நேரம் யாரும் பதில் சொல்லாவிட்டால் அது நுழையலாம் என்பது அன்றைய விதி. நிரல் எழுதிப் பிழைப்பவனாக எனக்கு உறுத்துவது இந்த விதிதான். ஷேனியின் உளறலைச் சிரித்துவிட்டுக் கடக்கலாம். இங்கே கேட்டவருக்குத் தேவை, பட்டுத் தெரிந்த இன்னொரு பெற்றோர். அவர் மறுநாள் காலையில்கூட வந்திருப்பார். அந்த மௌனத்தைக் காலியிடம் என்று கணக்குப் போட்டது நம்ம ஆட்கள்தானே?