பிர்அவ்ன்: பட்டமும் படிப்பினையும்

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் நாம் கேட்டுவரும் 'பிர்அவ்ன்' என்பது ஒருவரின் இயற்பெயர் அன்று. மிஸ்ர் மன்னர்களின் பட்டம். 'பெர்-ஆ', அதாவது 'பெரிய இல்லம்' என்னும் அரண்மனைப் பெயரே பின்னர் மன்னரைக் குறிக்கலாயிற்று. நம் தமிழிலோ கோவின் இல்லமாகிய 'கோயில்' வழிபாட்டிடத்தின் பெயராயிற்று. 'இறை' என்னும் சொல்லும் அரசனுக்கும் ஆண்டவனுக்கும் பொதுவாக நின்றது.

மிஸ்ரில் மன்னர் 'ரா' என்னும் சூரியக் கடவுளின் மைந்தராகப் போற்றப்பட்டார். 30 ஆண்டு ஆட்சி நிறைவில் 'செத்' சடங்கு அவரது ஆற்றலைப் புதுப்பிப்பதாக நம்பினர். பகைவர் பெயர்களை மட்கலங்களில் எழுதி உடைப்பது அரசைக் காக்கும் மந்திரமாயிற்று.

நம் திண்டுக்கல் சமவெளியும் அடங்கிய பாண்டிய நாட்டிலும் இத்தகைய சடங்கு இருந்தது. 8-ஆம் நூற்றாண்டின் வேள்விக்குடிச் செப்பேடு 'இரணியகருப்பம்' பற்றிக் கூறுகிறது. பொற்கலத்துள் புகுந்து வெளிவரும் மன்னர் புதிதாய்ப் பிறந்தவராகக் கருதப்பட்டார்.

இச்சடங்குகள் மக்களின் பணிவை ஈட்டித் தந்தன, மரணத்தை விலக்கவில்லை. 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராம்செஸின் பாடம் செய்யப்பட்ட உடலைப் பூஞ்சை அரிக்கவே, 1976-இல் அதனைப் பாரிசுக்குக் கொண்டு சென்று பக்குவப்படுத்தினர். இவர்தாம் மூஸா (அலை) காலத்து மன்னர் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. எனினும், தெய்வமெனப் போற்றப்பட்டவரின் உடலும் மனிதர் கைகளையே நாடி நின்றது என்னும் படிப்பினை நமக்குப் போதுமானது.