குயினின் நான்காவது ஆள்

குயின் இசைக்குழு என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் பாடகர் ஃபிரெடி மெர்குரி. அடுத்து சுருள் முடியோடு கிட்டார் வாசிக்கும் பிரையன் மே. டிரம்ஸ் வாசித்த ரோஜர் டெய்லரையும் பலருக்குத் தெரியும். நான்காவது ஆள் யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். அவர்தான் பேஸ் கிட்டார் வாசித்த ஜான் டீகன்.

பேஸ் கிட்டாருக்கு வழக்கமாக நான்கே கம்பிகள். பாட்டில் அது ஒலிப்பதைப் பெரும்பாலும் கவனிக்க மாட்டோம். ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு காலியாகிவிடும். டீகனும் ஏறக்குறைய அப்படித்தான்.

1951ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்தவர். லண்டன் செல்சீ கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்து முதல் வகுப்பில் தேறினார். 1971ல், மாணவராக இருந்தபோதே குயினில் சேர்ந்தார். அதற்குள் அந்தக் குழுவில் சில பேஸ் கலைஞர்கள் வந்து போயிருந்தார்கள். இவர் மட்டும்தான் நிலைத்தார். குப்பையில் கிடந்த ஒரு சர்க்யூட் போர்டை எடுத்து வந்து, ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் பொருத்தி, 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் செய்தார். பிரையன் மே அதைப் பல வருடங்கள் ரெக்கார்டிங்கில் பயன்படுத்தினார். 1975ல் வந்த 'குட் கம்பெனி' பாட்டில் ஒரு ஜாஸ் குழுவே வாசிப்பது போல இருக்கும். எல்லாமே அந்தக் குப்பைப் பெட்டி வழியாக வந்த கிட்டார் ஒலிதான்!

டீகன் அதிகம் எழுதவில்லை. ஆல்பத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஆனால் எழுதியவற்றைப் பாருங்கள். 1975ல் மனைவிக்காக எழுதிய 'யூ ஆர் மை பெஸ்ட் ஃபிரெண்ட்'. இதற்கு எலெக்ட்ரிக் பியானோ வேண்டும் என்றார். மெர்குரிக்கு அந்த வாத்தியமே பிடிக்காது. எனவே டீகனே அதை வாசித்தார். பிறகு 1980ல் 'அனதர் ஒன் பைட்ஸ் தி டஸ்ட்'. அமெரிக்காவின் ஷிக் என்ற டிஸ்கோ குழுவின் தாக்கத்தில் பிறந்தது. ராக் ரசிகர்கள் டிஸ்கோவைத் திட்டிக்கொண்டிருந்த நேரம் அது. இதைத் தனி சிங்கிளாக வெளியிடச் சொன்னவர்களில் மைக்கேல் ஜாக்சனும் ஒருவர். அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது. என்னைக் கேட்டால், அந்தப் பாட்டின் கதாநாயகன் மெர்குரியின் குரல் அல்ல, டீகனின் பேஸ்தான்.

1984ல் 'ஐ வான்ட் டு பிரேக் ஃப்ரீ'. நால்வரும் பெண் வேடமிட்டு நடித்த வீடியோ அமெரிக்க ரசிகர்கள் பலருக்குப் பிடிக்கவில்லை. பழி என்னவோ மெர்குரி மேல்தான் விழுந்தது. பாட்டை எழுதியவரோ, கறுப்புக் கோட்டு போட்ட பாட்டியாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்!

1991 நவம்பர் 24 அன்று மெர்குரி எய்ட்ஸ் நோயால் இறந்தார். 1992ல் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் டீகன் வாசித்தார். 1997 ஜனவரியில் பாரிஸில் எல்டன் ஜான் பாட, குயினோடு இன்னொரு முறை. அத்தோடு ஒதுங்கிவிட்டார்.

மற்ற இருவரும் பால் ராட்ஜர்ஸ், ஆடம் லாம்பர்ட் என்று வேறு பாடகர்களோடு உலகம் சுற்றினார்கள். டீகன் போகவில்லை. 2001ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவம் கிடைத்தபோதுகூட விழாவுக்கு வரவில்லை. ரசிகர்களை இப்படி விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வி நியாயமாகப் படவில்லை. மெர்குரி இல்லாமல் குயின் இல்லை என்று அவருக்குத் தோன்றியது, அவ்வளவுதான். மற்ற இருவர் தொடர்ந்ததையும் அவர் தடுக்கவில்லையே. குழுவின் கணக்கு வழக்குகளில் மட்டும் அவரும் ஒரு பங்குதாரராகத் தொடர்ந்தார். 2018ல் 'பொஹீமியன் ராப்சடி' படம் வந்தது. மேயும் டெய்லரும் அதற்காக ஊர் ஊராகப் பேட்டி கொடுத்தார்கள். டீகன் எங்குமே தலைகாட்டவில்லை.