சதுர மூலை வெட்டத் தெரியாத மெஷின்

போன மாசம் நம்ம மைக், வயர் எல்லாம் போட்டு வைக்க ஒரு ப்ளைவுட் பெட்டி டிசைன் பண்ணேன். ஒவ்வொரு பலகை ஓரத்துலயும் பல்லு, எதிர்ப் பலகையில அதுக்கேத்த ஸ்லாட். ஆணியே வேண்டாம், தட்டினா பூட்டிக்கும். ஸ்க்ரீன்ல அப்படித்தான் இருந்தது. சிஎன்சில வெட்டி வந்தா, ஒரு பல்லுகூட உள்ள இறங்கல.

காரணம் சிம்பிள். மரத்தை வெட்டுற பிட் சுழலும் உருளை. 6 மில்லிமீட்டர் பிட் என்றால், உள்மூலை 3 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்துதான் வரும். அதில் சதுரப் பல் எப்படி உட்காரும்?

கடுப்புல பழைய கதையைத் தோண்டினேன். பார்த்தா, சிஎன்சியோட ஆரம்பமே இந்த ஆரக் கணக்குதான்!

1940கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸின் கம்பெனி ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்தது. அதற்கான அச்சுத் தகடுகளின் வளைவை, சில புள்ளிகளை வைத்துக் கையால் வரைவார்கள். அங்கிருந்த இன்ஜினியர் ஃபிராங்க் ஸ்டூலன், பஞ்ச் கார்டு மெஷினில் 200 புள்ளிகள் வரை கணக்குப் போட்டார். கட்டரின் மையம் கோட்டின் மேல் போனால் கூடுதலாக வெட்டிவிடும். அதனால் ஆரம் அளவுக்குத் தள்ளிக் கணக்கிட்டார்கள். ஒருவர் எண்களை வாசிக்க, இருவர் ஆளுக்கொரு அச்சின் சக்கரத்தைத் திருப்பினார்கள். மிச்சமிருந்த மேடுகளை அரத்தால் ராவினார்கள்.

அந்த மூணு பேர் வேலையையும் மெஷினே செய்தால்? 1949இல் விமானப்படை பணம் கொடுத்தது. எம்ஐடி உள்ளே வந்தது. 1952இல், துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று அச்சுகளில் நகரும் மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. அனுபவமுள்ள தொழிலாளி மெஷினை ஓட்டும்போது அந்த அசைவுகளை காந்த நாடாவில் பதிந்து, திரும்ப ஓட்டுவது. ஜெனரல் எலக்ட்ரிக் செய்தும் பார்த்தது. ஆனால் ஜெயித்தது எண்கள்தான். வேலையின் பிடி தொழிலாளி கையிலிருந்து ஆபீஸுக்குப் போகணும்கிற நிர்வாகத்தின் ஆசையும் அதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் எழுதினார்.

எனக்கு முழு உடன்பாடு இல்லை. சிக்கலான விமானப் பாகங்களின் வளைவைக் கையால் ஓட்டிப் பதிவது கஷ்டம். அதுக்கு எண்கள் வேணும். ஆனா என் பெட்டி நோபிள் பக்கம்தான் சாட்சி சொல்லுது. வெட்டிக் கொடுத்த அண்ணன்கிட்ட போய் நின்னேன். "மூலைக்கு காது வைக்கலையே தம்பி, அப்பவே பாத்தேன். நீங்கதான் ஃபைலை அப்படியே ஓட்டச் சொன்னீங்க" என்றார்.

காது என்றால், பிட் மூலையைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போய் வெட்டும் சின்ன வட்டம். அது இருந்தா பல்லு முழுசா இறங்கும். அவர் ஒரு உளியை எடுத்து ரெண்டு மூலையைச் சதுரமாக்கினார். பல்லு இறங்குச்சு, ஆனா ஆடுச்சு! வெர்னியர் வெச்சு அளந்தா, 12 மில்லிமீட்டர்னு வாங்கின பலகை 11.6தான்.

ரெண்டாவது தடவை, பலகையை நாலு இடத்துல அளந்துட்டு, ஃபைலை அனுப்பாம நேரா அவர்கிட்டயே எடுத்துட்டுப் போனேன். ஒரு வேஸ்ட் துண்டுல ஒரு ஸ்லாட் மட்டும் வெட்டிப் பாத்தோம். அப்புறம்தான் முழுப் பலகை. இந்த எபிசோட் பேசுற மைக், இப்ப அந்தப் பெட்டி மேலதான் நிக்குது.