குடியேறியவர் கதைகளில் வீடும் ஸ்திரீயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் ஆஸ்திரேலியாவில் எழுந்த சிறுகதைகளைப் படிக்கிறவர்களுக்கு, அவற்றில் வரும் வீடு எத்தனை மெலிந்தது என்பதே முதலில் மனத்தில் தைக்கும். மரத்தைப் பலகையாகப் பிளந்து வரிசையாக நட்டுச் சுவராக்கி, உரித்தெடுத்த மரப்பட்டையைக் கூரையாக வேய்ந்து, இடுக்குகளில் களிமண்ணை அப்பி எழுப்பிய அந்தக் குடிசைகளில், வெயிலேற ஏறப் பலகை சுருங்கும். பலகை சுருங்கச் சுருங்க இடைவெளி விரியும். அந்த இடைவெளி வழியே காற்றும் புழுதியும் பாம்பும், சில வேளைகளில் மனிதனின் பார்வையும் தாராளமாக உள்ளே வரும். இப்படிப்பட்ட வீட்டில் ஒரு ஸ்திரீ குழந்தைகளோடு மாதக்கணக்கில் தனித்திருந்தாள் என்பதே அக்கதைகளில் மிகச் சிறந்தவற்றின் வஸ்து.

அவள் ஏன் அங்கே இருந்தாள் என்ற கேள்விக்கு விடை கதைகளில் அதிகம் இல்லை. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நியூ சவுத் வேல்ஸ் குடியேற்றத்தில் 1861-ஆம் ஆண்டு ஜான் ராபர்ட்சன் கொண்டுவந்த நிலச் சட்டங்களின்படி, எவரும் 40 ஏக்கர் முதல் 320 ஏக்கர் வரையில் தமக்குப் பிடித்த நிலத்தைத் தேர்ந்துகொள்ளலாம். விலை ஏக்கருக்கு ஒரு பவுன், முன்பணம் ஐந்து ஷில்லிங். ஆனால் மூன்று வருஷம் அந்த நிலத்திலேயே குடியிருக்க வேண்டும், அபிவிருத்தி வேலைகளும் செய்து காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. பெரிய ஆட்டுப் பண்ணைக்காரர்களின் ஆதிக்கத்தைக் குறைத்து ஏழைக்கு நிலம் அளிப்பதே சட்டத்தின் நோக்கம் என்று சொல்லப்பட்டது. மழை பொய்த்த அந்தப் பிரதேசத்தில் அத்தனை சிறு நிலம் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடவில்லை; ஆகவே குடியானவன் ஆட்டு மயிர் கத்தரிக்கவும் மந்தை ஓட்டவும் வேலி கட்டவும் வெளியூர்களுக்குப் போனான். அவன் போன மாதங்களில் அந்நிலத்தில் உண்மையாகக் குடியிருந்தவர்கள் மனைவியும் மக்களுமே. ஆக, நாம் கிருஹம் என்று சொல்லும் இளைப்பாறும் இடமாக இல்லாமல், உரிமையை நிலைநாட்ட நிலத்தில் அடித்த ஒரு முளையாகவே அந்த வீடு இருந்தது. அந்த முளை பெயர்ந்துவிடாமல் காக்கும் பொறுப்பு ஸ்திரீயின் தலையில் விழுந்தது.

அக்கதைகளை எழுதியவர்களில் ஒருவரான ஹென்றி லாசன் இந்த வாழ்க்கையை அந்நியனாக நின்று பார்த்து எழுதவில்லை. 1867-இல் கிரென்ஃபெல் என்னும் தங்கச் சுரங்கப் பிரதேசத்தில், நார்வே தேசத்து மாலுமி ஒருவருக்கும் லூயிசா என்ற அபாரமான பெண்மணிக்கும் பிறந்தவர் அவர். முட்ஜி நகரத்துக்கு அருகே வறண்ட நிலம் ஒன்றில், கணவர் வேலை தேடி வெளியே சென்றிருந்த காலங்களிலெல்லாம் குடும்பத்தைத் தாங்கி நின்ற லூயிசா, 1883-இல் பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தார். 1888-இல் ‘டான்’ என்ற மாதர் பத்திரிகையைத் தொடங்கி, அச்சுக் கோக்கும் வேலைக்கும் பெண்களையே அமர்த்தி, அச்சுத் தொழிலாளர் சங்கத்தின் எதிர்ப்பைத் தாங்கி, 1905 வரையில் அதை நடத்தினார். 1902-இல் நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் வாக்குரிமை பெறுவதற்கு உழைத்தவர்களில் முன்வரிசையில் நிற்பவர் அவர். லாசனின் முதல் புத்தகமே 1894-இல் இந்தத் தாயாரின் அச்சகத்திலிருந்துதான் வெளிவந்தது. மகனுடைய கீர்த்தியின் நிழலில் தாயாரின் பெயர் வெகுகாலம் மறைந்து கிடந்தது பெருங்குறை என்றே நான் நினைக்கிறேன்.

1892-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ‘புல்லெட்டின்’ பத்திரிகையில் வெளியான லாசனின் ‘மந்தையோட்டியின் மனைவி’ என்ற கதையில் நடப்பது ஒரே இரவின் சம்பவம். பாம்பு ஒன்று வீட்டுக்கு அடியில் புகுந்துவிடுகிறது. பலகைத் தளத்தின் இடுக்கு வழியே அது மேலே வரக்கூடும் என்று அஞ்சிய தாய், நான்கு குழந்தைகளையும் மண்தரை போட்ட சமையற்கட்டுக்கு அழைத்துச் சென்று, மேஜைமேல் படுக்கவைத்து, கையில் தடியும் காலடியில் நாயுமாக, தையற் கூடையையும் சீமைப் பெண்களுக்கான ஒரு பத்திரிகையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு விடியும்வரை விழித்திருக்கிறாள். மந்தையோடு போன கணவனிடமிருந்து ஆறு மாதமாகச் செய்தி இல்லை. அருகிலுள்ள மனித வாடை பத்தொன்பது மைல் தூரத்துச் சாராயக்கடை ஒன்றுதான். அந்த இரவில் அவள் நினைவுகள் ஒவ்வொன்றாக எழுகின்றன: கணவனின் பழைய கால்சட்டையை மாட்டிக்கொண்டு காட்டுத்தீயோடு போராடியது, வெள்ளத்தில் அணை உடைந்தது, இறந்த குழந்தையை ஏந்தியபடி பத்தொன்பது மைல் குதிரையில் போனது. அணை உடைந்தபோது அழுதவள், இந்த இரவில் அடுக்கிய விறகுக் குவியல் உள்ளே வெறும் கூடாக இருந்து சரிந்தபோதும் அழுகிறாள். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தால் அது ஓட்டைமயமாக இருக்கிறது. ஓர் ஓட்டையில் பெருவிரலும் இன்னோர் ஓட்டையில் சுட்டுவிரலும் நுழைந்து நிற்க, அழுகை சிரிப்பாக மாறிவிடுகிறது. வறுமையையும் மன உறுதியையும் இத்தனை சிறிய பொருளில் அடக்கிக் காட்டிய இடம் அக்காலத்து ஆங்கிலக் கதைகளிலேயே அபூர்வம்.

அதே கதையில் இன்னும் ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் அவள் நல்ல உடை உடுத்தி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, கைக்குழந்தையைப் பழைய தள்ளுவண்டியில் வைத்து, நகரத்துக் கடைவீதிக்குப் போகிறவளைப் போல, பார்க்க ஒன்றுமில்லாத, எதிரே வர எவருமில்லாத காட்டுப் பாதையில் உலாவிவிட்டுத் திரும்புகிறாள். நம்முடைய முல்லைத்திணைத் தலைவிக்குக் கார்காலம் என்ற ஓர் எல்லையாவது உண்டு; இவளுடைய இருத்தலுக்கு எந்தப் பருவமும் எல்லை வகுக்கவில்லை. ஆனாலும் லாசன் அவளிடம் கொண்ட பக்தியில், அவளைத் தனியே விட்டுப் போனவனை அதிகமாக விசாரிக்கவில்லை. அவன் கொஞ்சம் அசட்டையானவன், நல்லவன் என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறார்.

அந்த விசாரணையைத் தயங்காமல் நடத்தியவர் பார்பரா பெய்ன்டன். 1857-இல் பிறந்த அவர் காட்டுப் பிரதேசத்துக் குடியானவன் ஒருவனை மணந்தார். அவன் அவருடைய உறவுப் பெண்ணோடே போய்விட, 1890-இல் விவாகரத்துப் பெற்று, ஒரு மருத்துவரை மறுமணம் செய்துகொண்டார். தாம் எழுதிய ஆறு கதைகளை லண்டனில் 1902-இல் ‘புஷ் ஸ்டடீஸ்’ என்ற நூலாக வெளியிட்டார். அதில் ஒரு கதையில் ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளியின் மனைவி கைக்குழந்தையோடு தனியே இருக்கிறாள்; கணவன் இருப்பது பதினைந்து மைல் தூரத்தில். பகலில் மூட்டையோடு வந்த நாடோடி ஒருவன் அவளைப் பார்த்த பார்வை சரியில்லை. தனிமையின் பயத்தை முன்பு சொன்னபோது கணவன் ஏளனம் செய்தவன், ஆதலால் அவனிடம் ஓடவும் அவளுக்குத் துணிவில்லை. இரவு உணவையும், தன்னிடம் இருந்த ஒரே விலையுயர்ந்த பொருளாகிய தாயாரின் அணி ஊசியையும் சமையற்கட்டு மேஜைமேல் வைத்துவிட்டு, வீட்டுக்குள் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுக்கிறாள். அவன் வெளியே சுற்றிச் சுற்றி வந்து ஒவ்வொரு பலகையாகத் தட்டிப் பார்த்து, உலர்ந்து சுருங்கிய ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அப்போது குதிரைக் குளம்பொலி கேட்டு, அவள் குழந்தையை அணைத்தபடி வெளியே ஓடிக் கூவுகிறாள். குதிரையில் போகிறவனோ வெள்ளுடையில் குழந்தையோடு தோன்றிய அவளைத் தேவமாதாவின் தரிசனம் என்று எண்ணி, பரவசத்தோடு குதிரையை விரட்டிப் போய்விடுகிறான். அவள் கொல்லப்படுகிறாள்.

ஒருவன் அவளை இரையாகப் பார்த்தான், ஒருவன் தெய்வமாகப் பார்த்தான், கட்டியவன் பரிகாசப் பொருளாகப் பார்த்தான். உதவி கேட்கும் மனுஷியாக ஒருவனும் பார்க்கவில்லை. இதைவிடக் கடுமையான குற்றச்சாட்டை அந்நூற்றாண்டின் எந்தச் சொற்பொழிவும் வைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ‘புல்லெட்டின்’ 1896 டிசம்பரில் இக்கதையை வெளியிட்டபோது குதிரைக்காரனின் பகுதியை வெட்டிவிட்டது. அந்தப் பகுதி போனவுடன் கதை ஒரு துஷ்டனின் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது. ஆண்மக்களின் தோழமையைத் தேசியப் பண்பாகக் கொண்டாடிய பத்திரிகைக்கு அதுவே வசதியாக இருந்திருக்கும். பெய்ன்டனின் மற்றொரு கதையில், சோம்பேறிக் கணவனுக்குப் பதிலாகக் கோடரி பிடித்து உழைத்த பெண் மரக்கிளை விழுந்து முதுகெலும்பு ஒடிந்து கிடக்கிறாள்; அவன் வேறொருத்தியை அழைத்து வந்து, இவளை ஒதுக்குக் குடிசைக்குத் தள்ளுகிறான்; அவள் பக்கம் நிற்பது நாய் ஒன்றே. உழைக்கும் உடம்பு இருக்கும்வரையில்தான் வீட்டில் அவளுக்கு இடம்.

நியூசிலாந்தைக் களமாக வைத்துக் காதரின் மான்ஸ்ஃபீல்டு 1912-இல் வெளியிட்ட ‘கடையில் இருக்கும் பெண்’ என்ற கதை இதே வரிசையைச் சேர்ந்தது. சுவரெங்கும் ஆங்கிலப் பத்திரிகைத் தாள்களை ஒட்டிய அந்தத் தனிக் கடையில், மிகப் புதிய படமே விக்டோரியா ராணியின் ஜூபிலியாக இருக்கிறது. வழிப்போக்கர்களிடம் கணவன் வெளியூர் போயிருப்பதாக அவள் சொல்கிறாள். சிறுமி வரைந்து காட்டும் சித்திரமோ, தாய் அவனைச் சுட்டுப் புதைத்ததைச் சொல்லிவிடுகிறது.

இந்தப் பெண்கள் காவல் காத்த நிலம் ஏற்கெனவே பிறருடைய வீடு என்பதை இக்கதைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆயினும் லாசனின் கதையில் அது தானாகவே கசிகிறது. அந்தக் கூடான விறகுக் குவியலை அடுக்கியவன், தன் குலத்தில் கடைசியாக எஞ்சிய ஓர் ஆதிகுடி அரசன். ஒரு துண்டுப் புகையிலைக்காகத் தன் பூமியிலேயே விறகு சுமக்கிறான். கணவன் மருத்துவரைத் தேடிப் போன வேளையில், காய்ச்சலில் தனியே கிடந்த அவளுக்குப் பிரசவம் பார்த்தவள் ஓர் ஆதிகுடி ஸ்திரீ. அவளைப் புகழ நேர்ந்த இடத்திலும் அவளுடைய வெள்ளை மனத்தைச் சொல்லியே ஆசிரியர் புகழ்கிறார். இரண்டு பெண்கள் ஓர் உயிரைக் கொண்டுவரச் சேர்ந்து உழைத்த அந்த இரவைப் பற்றிக் கதையில் நாலைந்து வரிக்கு மேல் கிடையாது. 2016-இல் ஆதிகுடி மரபில் வந்த லியா பர்செல் இதே கதையை நாடகமாக்கிச் சிட்னியில் மேடையேற்றினார். அதில் மந்தையோட்டியின் மனைவியே தன் உடம்பில் ஆதிகுடி ரத்தம் ஓடுவதை அறிகிறாள், அவள் வீட்டு வாசலுக்கு வரும் ஆதிகுடி மனிதனுக்கு ஒரு பெயரும் ஒரு சரித்திரமும் கிடைக்கின்றன.